பிடரிப் பூக்களின் பதிவேடு

ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை, கறந்த பால் கறந்தபடி இருக்க, வாசல் கோலம் பாதியில் இருக்க, வெண்பாறைக்குடியில் கைக்குழந்தை முதல் கட்டிலோடு கிடந்த கிழம் வரை அத்தனை பேர் பிடரியிலும் ஐந்து இதழ் கொண்ட ஒரு வெள்ளைப் பூ வந்து உட்கார்ந்துகொண்டது. முதலில் தெரியவந்தது சுரங்கத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் வேனில்தான். முன்னால் இருந்தவன் பிடரியைப் பின்னால் இருந்தவன் பார்த்து, "ஏண்டா, கழுத்துல சுண்ணாம்ப அப்பிக்கிட்டு வந்திருக்க" என்று துடைத்துவிட, அவன் பிடரியை அவனுக்குப் பின்னால் இருந்தவன் துடைக்க, கடைசி சீட்டு வரைக்கும் துடைத்துப் பார்த்தும் ஒரு பூவும் அழியாததால், எல்லாரும் அப்படியே இறங்கி வேலைக்குப் போய்விட்டார்கள். லேட்டானால் ஆப்சென்ட் போட்டுவிடுவார்கள், பூவுக்காக நின்று பேசிக்கொண்டிருக்க முடியுமா?

அந்த ஊருக்குப் பூ ஒன்றும் புதிதில்லை. அரியலூர்ப் பக்கத்து மண்ணுக்கடியில் ஒரு பழைய கடல் கல்லாகிக் கிடக்கிறது, சுரங்கத்தில் வெடி வைத்தால் சுண்ணாம்புப் பாறையோடு அந்தக் கடலின் பிள்ளைகளும் உருண்டு விழும், முதுகில் ஐந்து இதழ் பொறித்த உருண்டைகளாக, தட்டைகளாக, இதய வடிவங்களாக. படித்தவர்கள் அவற்றை முட்தோலிகள் என்பார்கள், ஊர்க்காரர்கள் பூக்கல் என்பார்கள். இன்றைக்கு எந்தக் கடலிலும் இல்லாமல் பூண்டோடு அற்றுப்போன அந்த உயிர்களின் பூதான் இப்போது மனிதர் பிடரிக்கு வந்திருந்தது. கண்ணாடியில் பார்த்தால் தெரியவில்லை, செல்போனில் எடுத்தால் வெறும் கழுத்துதான் விழுந்தது, அவரவர் விரலுக்குத் தட்டுப்படவும் இல்லை. இன்னொருவர் கண்ணால் பார்த்துச் சொன்னால்தான் தனக்கு என்ன பூ என்று ஒருவருக்குத் தெரியும்.

டவுன் டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். அதைத் தடவியதில் பூ இன்னும் மினுமினுப்பானது, அவ்வளவுதான். மூன்றே நாளில் ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. தாய்மார்கள் பிள்ளைகளின் பூ மேல் கண்ணேறு படாமல் இருக்க ஒரு மைப்பொட்டு வைத்தார்கள், இளவட்டங்கள் காலர் இல்லாத சட்டை தேடிப் போனார்கள், ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் முன்னால் நின்றவரின் பூவைப் பார்த்து நலம் விசாரித்தார்கள். ஒருவர் பூ போல் இன்னொருவர் பூ இல்லை என்பதும், ஆனால் சிலர் பூ சிலர் பூவோடு அச்சு அசலாய் ஒத்துப்போகிறது என்பதும் அந்த வரிசையில்தான் பேச்சுக்கு வந்தது. அதுவரைக்கும் யாருக்கும் பயமில்லை.

பிறகு கொளஞ்சி செத்தார். எண்பத்துமூன்று வயது, ஒரு வருஷமாக நெஞ்சுச் சளி, சாக வேண்டியவர்தான். ஆனால் குளிப்பாட்டியபோது பூ பிடரியிலிருந்து தொண்டைவரை கல்லாய்ப் படர்ந்திருந்தது என்று யாரோ சொன்னார்கள். குளிப்பாட்டியவர்களைக் கேட்டால் நாங்கள் பார்க்கவில்லை என்றார்கள், பார்க்காதவர்கள் பார்த்ததாகச் சத்தியம் செய்தார்கள். கொளஞ்சிக்கும் அவர் சம்சாரத்துக்கும் ஒரே பூ என்று அடுத்து ஒரு பேச்சு. ஒரே பூ என்றால் ஒரே ரத்தம், ஒரே ரத்தம் என்றால் பங்காளி, பங்காளிக்குள் சம்பந்தம் செய்தவர்கள் ஒன்றாய்ப் படுத்தால் பூ படர்ந்து கழுத்தை நெரித்துக் கல்லாக்கிவிடும் என்று சாயந்திரத்துக்குள் அது முழு உருவம் எடுத்து உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து ஊரைப் பயம் பிடித்துக்கொண்டது. சோறு இறங்காமல் போனவர்கள் எல்லாம் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

ஊர்ப் பெரியதனக்காரர் கலியபெருமாள் மறுநாள் காலையில் சுரங்க ஆபீசில் கல் மாதிரிகள் வைக்கும் அறைக்கு வந்து நின்றது இதனால்தான். அங்கே தவமணி என்றொருத்தி பதினேழு வருஷமாகக் கல் கழுவிக்கொண்டிருந்தாள். வெடியில் கிடைக்கும் பூக்கற்களைத் தேய்த்துக் கழுவி, நம்பர் ஒட்டி, ஒத்ததோடு ஒத்ததைத் தட்டில் சேர்த்து, நோட்டில் எழுதி வைப்பது அவள் வேலை. அவள் இந்த ஊர்க்காரி இல்லை. தொண்டிப் பக்கம் ஒரு குப்பத்தில் பிறந்து, உயிருள்ள மூரை, அதாவது கடலில் இன்றும் இருக்கும் முள்ளுருண்டை, காலில் குத்தி அழுது வளர்ந்தவள். அங்கே லோடு ஏற்றப் போன லாரி டிரைவர் சாமிதுரையை விரும்பிக் கட்டிக்கொண்டு இருபத்தோரு வருஷம் முன்னால் இங்கே வந்தாள். பிள்ளை இரண்டு பெற்று வெளியூரில் படிக்க அனுப்பியும், ஊர் அவளைக் கடக்கரைக்காரி என்றுதான் கூப்பிட்டது.

"ஏம்மா கடக்கரைக்காரி, இந்த ஊர்ல பூ பாக்கத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான். யாரு யாருக்குப் பங்காளின்னு பிரிச்சுக் குடுத்துடு. ஊரு பயந்து கெடக்குது."

"கல்லுன்னா பிரிப்பேன் மாமா. மனுசங்கள எப்படி?"

"ரெண்டுலயும் பூ ஒண்ணுதான?"

மறுத்திருக்கலாம். மறுக்கத்தான் வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தும் இருந்தது. அந்த அறையில் ஒரு தட்டுக்காக இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் மூன்று நாள் மல்லுக்கு நின்றதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். இதழை வைத்துப் பார்த்தால் இரண்டு கல்லும் ஒரே குடும்பம் என்றார் ஒருவர், வாய் இருக்கும் இடத்தை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றாள் மற்றவரான ஒரு அம்மாள். கடைசியில் பெயரே எழுதாமல் இருவரும் பஸ் ஏறிப் போனார்கள். போகும்போது அந்த அம்மாள் தவமணியிடம் சொன்னாள்: "ரெண்டும் ஒரே மாதிரி சேத்துல பொதஞ்சு வாழ்ந்திருக்கும்மா. அதனால ஒரே சாயல் வந்துட்டுது. சாயல் இருக்குன்னு சொந்தம்னு எழுதிட முடியுமா? உசுரோட இருந்தா வேற வழியில பாக்கலாம், அத்துப்போனதுகிட்ட யாரு போய்க் கேக்குறது?"

இதெல்லாம் தெரிந்தும் தவமணி சரி என்று சொன்னாள். ஏனென்றால் இருபத்தோரு வருஷத்தில் அந்த ஊரில் அவளை ஒருவரும் 'தெரிஞ்சவ' என்று சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கினாள். நம்மில் யார் மயங்காமல் இருந்திருப்போம் என்று எனக்குத் தெரியவில்லை.

மாரியம்மன் கோயில் வாசலில் நாலு நாள் காலையில் ஊர் வரிசையில் நின்றது. ஒவ்வொருவராக வந்து முதுகைக் காட்டி உட்கார, தவமணி முடியை ஒதுக்கிப் பூவைப் பார்த்து எழுதினாள். இதழ் நுனி மூடியதா திறந்ததா, நடுப்புள்ளி நடுவில் இருக்கிறதா ஓரத்தில் ஒதுங்கியிருக்கிறதா, இதழுக்கு இதழ் எத்தனை பொட்டுகள். எழுதி முடித்துப் பிரிக்க உட்கார்ந்தால் ஒரு ஊருக்கு மூன்று ஊர் வந்தது. இதழை முதலில் பார்த்தால் ஊர் நாலு கூட்டம். நடுப்புள்ளியை முதலில் பார்த்தால் இரண்டே கூட்டம், அதில் கலியபெருமாளின் மகனும் மருமகளும் அண்ணன் தங்கை. பொட்டை எண்ணினால் பதினோரு கூட்டம், அதில் பெற்ற தாய்க்கும் பிள்ளைக்குமே சம்பந்தம் இல்லை.

"எதை வச்சு மாமா பிரிக்கிறது?" என்று மூன்றையும் விரித்துக் காட்டிக் கேட்டாள்.

கலியபெருமாள் மூன்றிலும் தன் வீட்டை மட்டும் தேடிப் பார்த்தார். "எதழ வச்சே பிரிச்சுடும்மா. பூன்னா எதழுதான?"

இதழை வைத்ததில் ஒரு சங்கடம், மேலத்தெருக்காரர்களும் கீழத்தெருக்காரர்களும் ஒரே கூட்டத்தில் வந்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்காத தெருக்கள் அவை. அதற்கும் பெரியவர்கள் அரை மணியில் வழி கண்டார்கள். ஒரே தெருவுக்குள் ஒரே பூ என்றால் ரத்தம், தெரு மாறி ஒரே பூ என்றால் தற்செயல். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது.

பத்தொன்பது ஜோடி. ஒரே தெருவில் குடியிருந்து, முறைப்படி தாலி கட்டி, ஒரே பூ வைத்திருந்த பத்தொன்பது ஜோடி. பெரியதனக்காரர் நோட்டைப் பார்த்துப் பெயர் வாசிக்க வாசிக்க, ஒவ்வொரு பெண்ணும் துணிமணியைப் பையில் அடைத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு நடந்தாள். தையல்நாயகிதான் முதல் பெயர். உத்திராபதிக்கு வாக்கப்பட்டுப் பதினோரு வருஷம், பிள்ளை இல்லை. "அதான் சங்கதி, அதான் வயிறு தொறக்கல" என்று ஊர் அதற்கும் சேர்த்துக் காரணம் கண்டுபிடித்துவிட்டது. அவள் கலியபெருமாள் காலில் விழுந்து கேட்டாள். "யோசிக்கலாம், யோசிக்கலாம், இப்பத்திக்குப் போயி அம்மா வீட்ல இரு" என்றார். நாற்பது நாளாகியும் அவர் யோசித்து முடிக்கவில்லை. உத்திராபதி அவள் வாசலுக்கு வந்து நிற்பான், அவள் அம்மா கதவைச் சாத்துவாள், அவன் போய்விடுவான்.

இதில் ஒன்று விட்டுப்போயிற்று. ஊர்ப் பிடரியெல்லாம் பார்த்தவளின் பிடரியை யார் பார்ப்பது? எழுதி முடிக்கும் அன்று தவமணி வீட்டுக்குப் போய்ப் புருஷன் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சாமிதுரையின் பூ அவளுக்குத் தெரியும், ஐந்தில் ஒரு இதழ் மட்டும் குட்டை, அதன் நுனி திறந்திருக்கும். அவன் அவள் முடியை ஒதுக்கினான். ஒதுக்கிய முடியைச் சட்டென்று பழையபடி விட்டு மூடினான்.

"என்னாங்க?"

"வேற," என்றான். "எனக்கும் ஒனக்கும் வேற வேற. எழுதிக்க."

அவள் அப்படியே எழுதினாள். வேறு.

ஆனால் அன்றிலிருந்து சாமிதுரை மாறிப்போனான். கல்யாணமான நாளிலிருந்து அவள் கொண்டை போட்டாளா பின்னல் போட்டாளா என்று ஏறிட்டுப் பார்க்காதவன், "முடிய எறக்கிப் போடு, கொண்ட ஒனக்கு நல்லால்ல" என்றான். தண்ணிக்குப் போனால் பின்னாலேயே வந்து தோளில் ஒரு துண்டைப் போட்டுவிட்டான். பக்கத்து வீட்டுப் பெண் பேன் பார்க்கக் கூப்பிட்டதற்கு அவன் போட்ட சத்தத்தில் அந்தப் பெண் அழுதுகொண்டே போனாள். தவமணிக்கு மெல்ல மெல்ல விளங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து கேட்டாள்.

"உண்மையச் சொல்லுங்க. ஒரே பூவா?"

"வேறதாண்டி."

"எம் மேல சத்தியமா?"

பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் மறுபடி பிசைந்தான். "சாப்புட வுடு தவம்," என்றான்.

அன்றைக்கு அவள் பயந்த பயம் கொஞ்சமில்லை. இந்த மனுஷனை விட்டுவிட்டு எந்த ஊருக்குப் போவாள், அப்பா அம்மா செத்துப்போன குப்பத்தில் எந்தக் கதவைத் தட்டுவாள், தொண்டைக்குள் இப்போதே எதுவோ அடைக்கிறதே என்று பயந்தாள். அந்தப் பயத்துக்கு நடுவில்தான் வேறொன்று அவளுக்குப் புலப்பட்டது. தொண்டியில் பிறந்தவளுக்கும் வெண்பாறைக்குடியில் பிறந்தவனுக்கும் ஏழு தலைமுறையில் ரத்தம் கலந்திருக்க வழியில்லை. அப்படியிருந்தும் ஒரே பூ வந்திருக்கிறது என்றால் அது ரத்தத்தில் வந்ததில்லை. ஒரே சுவருக்குள், ஒரே சுண்ணாம்புத் தூசியை மூச்சில் இழுத்து, ஒரே கஞ்சியைக் குடித்து, ஒரே சேற்றில் புதைந்து வாழ்ந்ததில் வந்த சாயல். இருபத்தோரு வருஷம் சேர்ந்து வாழ்ந்ததற்கு உடம்பு எழுதிக்கொடுத்த சாட்சி அது. அதைப் படிக்கத் தெரியாமல் பத்தொன்பது குடும்பத்தை அவள் கையாலேயே பிரித்து வைத்திருக்கிறாள். அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள்.

அடுத்த ஊர்க்கூட்டத்தில், கோயில் வாசலில், பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்று சொல்லிவிட்டாள்.

"நான் எழுதுனது தப்பு மாமா. ஒரே பூன்னா ஒரே ரத்தம்னு இல்ல. தெரு மாறுனா தற்செயல்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அப்ப ரத்தம் இல்லாமலும் ஒரே பூ வரும்தான?"

கலியபெருமாள் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "அது தெரு வெவகாரம். ஒரே வீட்டுக்குள்ள, ரத்தம் வேறன்னு சந்தேகமில்லாம தெரிஞ்ச புருசன் பொண்டாட்டிக்கு ஒரே பூ இருந்தா காட்டு. எல்லாரும் இங்க ஒருத்தருக்கொருத்தர் மாமன் மச்சான். எங்க போயி காட்டுவ?"

"எங்க வீட்லதான் இருக்கு. நோட்டுல வேறன்னு இருக்குறது பொய். என்னப் பாக்கச் சொல்லுங்க."

ஆண்கள் பக்கத்தில் சாமிதுரை எழுந்துவிட்டான். அவன் முகம் செத்தவன் முகம் போல் வெளுத்திருந்தது.

"ஒரே பூவா இருந்தா?" என்றார் கலியபெருமாள்.

"நோட்டக் கிழிச்சுப் போடுங்க. எல்லாரும் வீட்டுக்குப் போவட்டும்."

அவர் தாடையைத் தடவினார். "ஒரே பூவா இருந்தா யோசிக்கலாம். யோசிச்சு முடிக்கிற வரைக்கும் எல்லாருக்கும் உள்ள சட்டம் ஒனக்கும் உண்டு. நீ ஒங்க கடக்கரைக்குப் போயிடணும். சம்மதமா?"

"சம்மதம்."

இனி யார் பார்ப்பது என்று பேச்சு வந்தது. தவமணிக்கு வேண்டியவர்கள் பார்த்தால் ஒத்து ஊதுவார்கள், அவள்மேல் துளியும் இரக்கம் இல்லாதவளாக ஒருத்தி வேண்டும் என்றார் ஒருவர். எல்லார் கண்ணும் ஒரே திசையில் போயிற்று. அங்கே அம்மாவுக்குப் பக்கத்தில், பல நாளாய் எண்ணெய் காணாத தலையோடு தையல்நாயகி உட்கார்ந்திருந்தாள். எதிரே ஆண்கள் பக்கத்தில் உத்திராபதி எழுந்து நின்றான். நாற்பது நாள் கழித்து அவன் முகத்தில் ஒரு தெளிச்சி வந்திருந்தது, பொண்டாட்டியைப் பார்த்து லேசாகத் தலையைக்கூட ஆட்டினான்.

தவமணி மண்டியிட்டாள். தையல்நாயகி பின்னால் வந்து நின்று முடியை இரண்டு கையாலும் தூக்கினாள். சாமிதுரையின் பூவை அவள் தினமும் பார்த்தவள்தான், அவன் ஓட்டும் லாரிக்குத்தான் உத்திராபதி கிளீனர், மத்தியானச் சோறு கொண்டுபோகும்போதெல்லாம் அந்தக் குட்டை இதழ் அவள் கண்ணில் பட்டிருக்கிறது. அவள் விரல் பிடரியில் ஒவ்வோர் இதழாய் நகர்வது தவமணிக்குத் தெரிந்தது. கடைசி இதழில் விரல் நின்றது. பிறகு அவள் குனிந்தாள், மூச்சு காதில் பட்டது.

"ஒரே பூதாங்க்கா. குட்ட எதழு, தொறந்த நுனி, அப்படியே அவரோடது."

தவமணிக்கு ஒரு பக்கம் உயிர் வந்தது, ஒரு பக்கம் உயிர் போனது. "சொல்லு," என்றாள். "சத்தமாச் சொல்லு தையலு."

"சொன்னா?"

"நீ வீட்டுக்குப் போவலாம்."

"யோசிக்கலாம்னு எனக்கும் அந்த மனுசன் சொன்னாருக்கா. அவரு யோசிச்சு முடிக்க மாட்டாரு." தையல்நாயகியின் குரல் உடைந்தது. "நான் படுறதே போதும். நீயாச்சும் ஒம் புருசனோட இரு."

தவமணி திரும்புவதற்குள் அவள் நிமிர்ந்து, கோயில் வாசல் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டாள். "வேற பூ. ரெண்டுக்கும் ஒட்டே இல்ல."

"பொய்!" தவமணி எழுந்து கத்தினாள். "பொய் சொல்றா மாமா, எனக்காகப் பொய் சொல்றா!"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். கலியபெருமாளுக்கே சிரிப்பு வந்தது. "ஏம்மா, ஒன்னால குடும்பம் போயி நிக்கிறவ, ஒனக்காகப் பொய் சொல்லுவாளா?"

அதற்கு மேல் யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை. தவமணி வேறு ஒருத்தியைப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினாள், இரண்டு கையாலும் முடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெண்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஆனால் பெண்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். பார்த்துவிட்டு வேறு ஏதாவது சொல்ல நேர்ந்தால், அடுத்துத் தங்கள் பிடரியை யார் பார்ப்பார்கள், என்ன சொல்வார்கள் என்ற பயம் அவர்களுக்கு. அவள் கடைசியாகப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க. நீங்க பாத்தீங்கள்ல?"

சாமிதுரை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வேறதாங்க. நான்தான் மொதல்லயே சொன்னேனே."

கலியபெருமாள் நோட்டை மூடி மேல்துண்டில் சுற்றி அக்குளில் வைத்துக்கொண்டார். உத்திராபதி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் சுரங்கம் பக்கம் நடந்தான். தையல்நாயகி தவமணியின் கையிலிருந்து முடியை வாங்கி, பிடரி தெரியாதபடி பரத்திவிட்டு, "போக்கா" என்று மட்டும் சொன்னாள்.

சாமிதுரை வந்து தவமணியின் மணிக்கட்டைப் பிடித்தான். கோயிலிலிருந்து வீட்டுக்குப் போக ஒரே பாதைதான், அந்தப் பாதையின் ஓரத்தில் பிரித்து வைக்கப்பட்ட மற்றப் பதினெட்டுப் பெண்களும் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் அவள் புருஷனோடு நடந்து போனாள். அவர்கள் வழி விட்டு நின்றார்கள், யாரும் அவளை ஒரு வார்த்தை ஏசவில்லை. வீடு வரைக்கும் சாமிதுரை அவள் கையை விடவே இல்லை.